மேட்டுத் தெருவுக்கு முதல் தண்ணீர்

எங்கள் வீட்டு மேயரைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பாதிக் கதைகளில் நான்தான் வில்லி. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுவது நல்லது.

அவளும் நானும் ஓர்ப்படிகள். அண்ணனை நான் கட்டிக்கொண்டேன், தம்பியை அவள். ஒரே வீடு, ஒரே சமையல். நானும் என் வீட்டுக்காரரும் வீட்டின் பின்பக்கத்தில் லாண்டரி நடத்துகிறோம். கொழுந்தன் வெளுத்து இஸ்திரி போட்ட துணியை வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அழுக்குத் துணியோடு திரும்பி வருவான். சின்னவள் மட்டும்தான் வெளியே வேலைக்குப் போனாள். குடிநீர் அலுவலகத்தில் புகார் போனை எடுக்கிற வேலை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேசை, ஒரு போன், சுற்றும்போது முனகுகிற ஒரு காத்தாடி. பக்கத்து அறையில் மோட்டார் ஓடும் சத்தத்தில் அவளும் சத்தமாகப் பேசப் பழகிவிட்டாள். வீட்டில் ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை யாராவது ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் ஒரே குறைதான், தண்ணீர் வரவில்லை. கூப்பிட்டவர் பெயரையும் தெருவையும் கேட்டு எழுதிக்கொண்டு, “பதிஞ்சாச்சும்மா” என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு அதிகாரம் கிடையாது. வீட்டிலும் அதே பாட்டுதான். சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால், “பதிஞ்சாச்சுக்கா” என்பாள். எனக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். சர்க்கரை மட்டும் வராது.

அவளுக்கு வந்த போன்களில் முக்கால்வாசி மேட்டுத் தெருவிலிருந்துதான். அந்தத் தெரு கிட்டத்தட்ட தொட்டியின் உயரத்துக்கே இருக்கிறது. விடிந்ததும் தொட்டியைத் திறந்தால் முதல் முறை எங்கள் கீழத் தெருவுக்கும் அதைச் சுற்றியுள்ள தெருக்களுக்கும். நாங்கள் குளித்து, துவைத்து, வாசல் வரை கழுவி முடித்தபிறகு மேட்டுத் தெருவின் வால்வைத் திறப்பார்கள். அதற்குள் தொட்டி பாதி காலி. பாதித் தொட்டித் தண்ணீருக்கு மேடு ஏறத் தெம்பு ஏது? குழாயில் காற்றுதான் வரும். அந்தக் காற்றைத்தான் வருஷக்கணக்காகப் புகாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவள் தேர்தலில் நிற்கப்போகிறேன் என்றபோது நான் அவளைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். இருக்கிற வேலையை விட்டுவிட்டு எவனாவது ஊர் வம்பை விலைக்கு வாங்குவானா? என் வீட்டுக்காரர் வழக்கம்போல இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழுந்தன் மட்டும் அவள் நின்றால் ஜெயிப்பாள் என்றான். துணி கொடுக்கப் போகிற வீடுகளில் எல்லாம் இவள் குரலைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். அவன் சொன்னதுதான் நடந்தது. மேட்டுத் தெருவும் அதைப்போல வறண்ட தெருக்களும் மொத்தமாக அவளுக்கே போட்டுவிட்டன. ஏன் என்று பிறகு மேட்டுத் தெரு டீச்சர் ஒருவர் என்னிடம் சொன்னார். தண்ணீர் வரவில்லைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தி போனை எடுத்தாள், நடுவில் வெடுக்கென்று வைக்கவே இல்லை, அது போதும் என்று அந்தத் தெருவே நினைத்ததாம்.

பதவியேற்பு அன்று மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. கழுத்தில் மேயர் சங்கிலியைப் போட்டு, கையில் மைக்கைக் கொடுத்தார்கள். நான் துவைத்துக் கஞ்சி போட்ட புடவையில் அவள் விறைப்பாக எழுந்து நின்றாள். பேச்சை வீட்டில் என் முன்னால் பத்துத் தடவை ஒப்பித்திருந்தாள். மைக்கைக் காதுப்பக்கம் கொண்டுபோனதும் பழக்கதோஷம் வந்துவிட்டது.

“வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு, சொல்லுங்க.”

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், அதுவும் பழக்கதோஷத்தில்தான், “தண்ணி வரலம்மா” என்றது.

அவ்வளவுதான், கூடமே வெடித்துச் சிரித்தது. எனக்கு மானம் கப்பலேறிப் போனது. ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை. மைக்கை வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிப் பின்வரிசைக்கே போய்விட்டாள். குரல் கொடுத்தது அந்த டீச்சர்தான், அதுவரை சின்னவள் முகம் பார்த்திராத ஆள். குரலை வைத்தே கண்டுபிடித்து, “மாடிப்படிக்குக் கீழ டிரம் வச்சிருக்கிற டீச்சர்தானே நீங்க?” என்று கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக ஒரு வார்த்தை பேசிக் காட்டினார்கள். அவளும் ஒவ்வொருவரையும் அடையாளம் சொன்னாள். கைக்குழந்தையோடு மாடி ஏறுகிறவர், கால் முடியாதவர், போனில் எப்போதும் தும்முகிறவர். ஒப்பித்த பேச்சு ஒப்பித்தபடியே கிடந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இவ்வளவு திட்டு வாங்கியவளுக்கு இவ்வளவு பேர் ஓட்டுப் போட்டிருக்கிறார்களே, இந்த நன்றிக்கடனை நான் எப்படித் தீர்ப்பேன் என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் நானும் அவளும் எங்களிடம் துணி போடுகிற விடுதியின் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். மேயரானால் என்ன, மடிப்பு ஒருத்தியால் ஆகாது. இனிமேல் தன் வாயால் “பதிஞ்சாச்சு” என்று யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றாள். பூங்கா, விளக்கு, பளபளவென்று பேருந்து நிலையம் எல்லாம் மற்றவர்கள் செய்துகொள்ளட்டும், மேட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் வந்தால் தன் பதவி பலித்ததாக நினைத்துக்கொள்வேன் என்றாள். பேசும்போது அவள் கண் பளபளத்தது. ஆசைப்படுகிற முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. என் தலையில்தான் அது விடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அது விடுதி மேலாளர் வாயிலிருந்து எனக்குத் தெரிந்தது. விரிப்புகளை எடுக்க வந்தவர், இனிமேல் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் தாமதமாக வருமாமே, எங்கள் துணி அன்றைக்கே கிடைக்குமா, இல்லை வேறு இடம் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விசாரித்தால் விஷயம் இதுதான். பொறியாளர் இவளிடம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். புதுக் குழாய் வேண்டாம், புது மோட்டார் வேண்டாம். தொட்டி நிறைந்திருக்கும்போதே மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்துவிட்டால் தண்ணீர் தானாக ஏறிவிடும். முறையைத் திருப்பிப் போட்டால் போதும். அதை மன்றத்தில் தீர்மானமாகக் கொண்டுவரப்போகிறாள்.

லாண்டரிக்காரிக்கு விடியல் தண்ணீர்தான் உயிர். விடிந்ததும் துவைத்தால்தான் உச்சி வெயில் கிடைக்கும், உச்சி வெயில் கிடைத்தால்தான் சாயங்காலம் இஸ்திரி. தண்ணீர் தள்ளிப்போனால் எல்லாம் தள்ளிப்போகும், அப்புறம் விடுதிக்காரர் எங்கே நிற்பார்? ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் போகிறது என்பதைவிட என்னிடம் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும், ஊரையெல்லாம் கேட்டவளுக்கு என்னைக் கேட்க வாய் வரவில்லையா என்றேன்.

அவள் மேயர் சங்கிலியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் மெதுவாகப் பேசியே நான் கேட்டதில்லை.

“கேட்டா நீங்க சரின்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா. என் புள்ளைங்க ரெண்டு பேருக்கும் சோறு ஊட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது நீங்க. அதனாலதான் நான் அங்க உக்காந்து போன் எடுக்க முடிஞ்சுது. இப்ப உங்க பொழப்பையும் கேட்டா நான் மனுஷியே இல்ல.”

“நான் சரின்னு சொல்லவே மாட்டேன், நீ பயப்படாதே” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். அன்று இஸ்திரி போட்ட துணிகளைக் கேட்டால் சொல்லும், அவை என்ன பாடு பட்டன என்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் கூடத்தில் போனை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கீழத் தெருக்களின் கவுன்சிலர்கள் எல்லாரும் எதிராக நிற்கிறார்கள், அந்தத் தெரு மக்களே சம்மதித்துவிட்டால் கவுன்சிலர்கள் என்ன செய்ய முடியும், அதனால் ஒவ்வொரு வீடாகத் தானே போன் போட்டுக் கேட்கப்போகிறேன் என்று கொழுந்தனிடம் சொல்லியிருந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அதுதான், போனில் பேசுவது அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பிறகு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குப் பொறுக்கவில்லை. கோபத்தில் இருந்தாலும் கேட்டேன்.

“யாருக்குப் போடறதுன்னு தெரியலக்கா. மேட்டுத் தெருவுல எனக்கு வீடு வீடா தெரியும். நம்ம தெருவுல ஒருத்தர் நம்பரும் தெரியாது. இங்கேருந்து ஒருநாளும் யாரும் எனக்குப் போன் பண்ணதே இல்ல.”

குறையாக அவள் அதைச் சொல்லவில்லை, இருப்பதைச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கிறேன், தண்ணீர் கொட்டுகிறது. அதற்காக யாருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காற்று மாதிரி அதுபாட்டுக்கு வரும் என்று இருந்திருக்கிறேன். மேட்டில் காற்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு வா என்றேன். போன் நம்பர் எனக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பக்கத்துத் தெருக்களில் எந்த வீட்டு ஆளுக்குச் சட்டையில் எந்தப் பொத்தான் போயிருக்கிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

முதல் வீடு ஓய்வுபெற்ற போலீஸ்காரருடையது. மீசையும் விறைப்பு, பேச்சும் விறைப்பு, சட்டைக் காலரை நான் பலகை மாதிரி நிறுத்தித் தராவிட்டால் வீதியில் நின்று கத்துவார். சின்னவள் நிறுத்தி நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

“நீங்க என்ன சொல்றீங்க லாண்டரிம்மா? இந்தத் தெருவுல அதிகம் தண்ணி புழங்கற வீடு உங்களுதுதான். நீங்க விட்டுக் குடுத்துட்டீங்களா?”

அங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது?

“குடுத்தாச்சு” என்றேன்.

சின்னவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இரண்டு பேரும் அங்கேயே அழுதிருப்போம். போலீஸ்காரர் மீசையைத் தடவினார். லாண்டரியே கொடுத்துவிட்டால் தனக்கென்ன, தான் ஒரு வாளியில் குளிக்கிற ஆள் என்றார். அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. அடுத்த வீட்டுக்கு அவரே எங்களுக்கு முன்னால் நடந்தார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் முனகினார்கள், முனகிக்கொண்டே சரி என்றார்கள். இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அதில் ஒரு வீட்டுக்காரி பிறகு துணி போட வந்தபோது, அன்றைக்கு ஏதோ கோபம், எங்களுக்கும் சம்மதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு நல்ல மனுஷர்கள் நம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள், ஒருவரும் கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை.

மன்றக் கூட்டத்துக்கு நான் போனேன். பார்வையாளர்கள் வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறக்கக்கூடாது என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். முயற்சி செய்தேன். எதிர்த்துப் பேசிய கவுன்சிலர் சாமர்த்தியசாலி, தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேயர் வீட்டுக்குப் பின்னால் லாண்டரி நடக்கிறது, மேயர் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் பின்வழியாகத் திறந்துவிட்டால் யார் கேட்பது என்றார். சின்னவள் பதில் சொல்ல எழுந்தாள், மைக்கை எடுத்து மறுபடி வைத்துவிட்டாள். ஊர்த் திட்டையெல்லாம் வாங்கியவளால் வீட்டைச் சொன்னதைத் தாங்க முடியவில்லை.

என்னாலும் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

“கடைசி முறையை எங்க தெருவுக்கே போடுங்க. ஊரெல்லாம் புடிச்சு முடிச்சப்புறம் மிச்சம் இருந்தா எங்களுக்கு வரட்டும். முந்தின நாளே புடிச்சு வச்சுத் துவைக்க எனக்குத் தெரியும்.”

காவலர் என்னை வெளியே அழைத்துப் போக வந்தார். அவருடைய சீருடையும் நான் வெளுத்ததுதான், தயங்கித் தயங்கித்தான் வந்தார். எனக்குப் பின்னால் எங்கள் தெரு ஓய்வுபெற்ற போலீஸ்காரர் எழுந்து நின்று எங்கள் தெருவுக்குச் சம்மதம் என்றார். மருந்துக்கடைக்காரர் எழுந்தார். வரிசையாக எழுந்தார்கள். அத்தனை பேரையும் வெளியே அனுப்ப அந்தக் காவலரால் ஆகாது. தங்கள் தெருக்காரர்களே எழுந்து நிற்பதைப் பார்த்தபிறகு கீழத் தெருக் கவுன்சிலர்களில் சிலர் கையைத் தூக்கினார்கள், ஒருவர் பாதி தூக்கினார். தீர்மானம் நிறைவேறியது.

புது முறை தொடங்கிய அன்று விடியும்போது நானும் சின்னவளும் மேடேறிப் போனோம். எங்கள் குழாய் காய்ந்து கிடந்தது. புதிதாக வாங்கிய டிரம்களில் முந்தின நாள் தண்ணீர் இருந்தது. இருந்தாலும் காய்ந்த குழாயைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது கஷ்டமாகத்தான் இருந்தது.

மேட்டுத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழாய். எல்லாமே திறந்தபடிதான் இருந்தன. எப்போது வரும் என்று தெரியாததால் அவர்கள் குழாயை மூடுவதே இல்லை. வந்தால் வாளியில் விழும் சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று வருஷக்கணக்காகத் திறந்தே வைத்திருக்கிறார்கள். முதலில் காற்று சீறியது. அந்தச் சத்தம் அவர்களுக்குப் பழகியதுதான், யாரும் அசையவில்லை. பிறகு பழுப்பாக இரண்டு முறை துப்பியது. அப்புறம் வெள்ளைவெளேர் என்று கொட்டத் தொடங்கியது, தெரு முழுக்க, எல்லாக் குழாய்களிலும் ஒன்றாக.

யாரும் கூச்சல் போடவில்லை. வாளி நிறைந்தது, டிரம் நிறைந்தது, சமையல் பாத்திரங்கள் வரை நிறைந்தன. தண்ணீர் நிற்கவில்லை. வாசலில் வழிந்து தெருவுக்கு வந்து சரிவில் ஓட ஆரம்பித்தது. அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். எனக்குத்தான் உடம்பு பதறியது. என் தெருவில் ஒரு சொட்டு இல்லை, இங்கே காலடியில் ஆறாக ஓடுகிறது! குழாயை மூடுங்கள் என்று கத்தினேன். டீச்சர் ஓடிப்போய்த் திருகினார், திரும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் திருகினார், அதுவும் திரும்பவில்லை. ஒருநாளும் மூடாத குழாய்கள், துருப்பிடித்து இறுகிப் போயிருந்தன. மூட வேண்டிய நாள் வரும் என்று அவர்கள் யாருமே நினைத்திருக்கவில்லை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிகிற கை இது, குழாய் எந்த மூலைக்கு? ஒவ்வொரு வாசலாகப் போய் ஒவ்வொரு குழாயாகத் திருகி மூடினேன், வாய்க்கு வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டேதான். அவர்கள் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். டீச்சர் தன் வீட்டுக் குழாயை நான் மூடியதும் மறுபடி திறந்து பார்த்தார். தண்ணீர் வந்தது. மூடினார், திறந்தார், வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார்.

பிறகு டீச்சர் ஈரக் கையோடு சின்னவளிடம் போய், இதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை என்றார்.

சின்னவள் என் பக்கம் கையைக் காட்டினாள். “என்கிட்ட சொல்லாதீங்க டீச்சர். இது எங்க அக்காவோட தண்ணி.”

தெருவில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புடவை முழங்கால் வரை நனைந்து, தலை கலைந்து நின்றேன். டீச்சர் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கழுவி, குழாயில் பிடித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். எங்கள் வீட்டில் வருகிற அதே தண்ணீர்தான். நான் வாங்கி, ஒரு சொட்டு சிந்தாமல் முழுவதையும் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்றேன்.